பட்டாணி அளவு சுரப்பி, பேரிக்காய் அளவு கருப்பை

பெங்களூரு ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனை வளாகத்தில் ஒரு மூளை அருங்காட்சியகம் உண்டு. ஜாடி ஜாடியாக மனித மூளைகள். ரத்தக் கசிவில் கறுத்தவை, கட்டியால் ஒரு பக்கம் வீங்கியவை, முதுமையில் வற்றியவை என்று வரிசையாக இருக்கும். கையுறை மாட்டிக்கொண்டால் பதப்படுத்திய மூளை ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்கவும் விடுவார்கள். அல்சூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கும் நான், அவர்களை அங்கே கூட்டிப் போவதுண்டு. உயிருள்ள மூளை வெண்ணெய்போலக் குழைவானது. ஃபார்மலினில் ஊறியபின் பனீர்போல இறுகிவிடும். எடை 1,300, 1,400 கிராம் இருக்கும். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான், ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது.

ஒருமுறை ஒரு மாணவி மூளையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "மிஸ், பிட்யூட்டரி எங்கே?" என்றாள். முந்தின வாரம்தான் படம் வரைந்து பாகம் குறித்திருந்தோம். அந்த இடத்தில் ஒரு சின்னக் காம்பின் அறுந்த முனை மட்டும் இருந்தது.

காரணம் எளிது. மண்டையோட்டின் தரையில், மூக்குக்கு நேர் பின்னால், குதிரைச் சேணம் போன்ற ஒரு பள்ளம் இருக்கிறது. பிட்யூட்டரி அதற்குள் உட்கார்ந்திருக்கும், மேலே ஒரு சவ்வு கூரைபோல மூடியிருக்கும். மூளையை வெளியே எடுக்கும்போது காம்பு அறுந்து, சுரப்பி எலும்புப் பள்ளத்திலேயே தங்கிவிடுகிறது. பட்டாணி அளவு, எடை அரை கிராம். அந்த அறுந்த காம்பு வழியாகத்தான் தலைக்கும் அடிவயிற்றுக்கும் பேச்சுவார்த்தை நடக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது புதுச் செய்தி. அவள்மேல் தவறில்லை, பாடம் அப்படித்தான் நடத்தப்படுகிறது.

நான் படித்த காலத்தில் நரம்பு மண்டலத்தைக் கலர் சாக்பீஸில் வரைந்தார்கள். பெருமூளை இளஞ்சிவப்பு, சிறுமூளை மஞ்சள், முகுளம் நீலம். இனப்பெருக்க மண்டலம் வந்தபோது, "இதை நீங்களே படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் நாளமில்லாச் சுரப்பிகள் ஓர் அட்டவணையாக வந்து போயின. இங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். அடிவயிற்று உறுப்புகளுக்கான தமிழ்ச் சொற்களை அவர்கள் கேட்டது பெரும்பாலும் கெட்ட வார்த்தையாகத்தான். வீட்டில் "அந்த இடம்", டாக்டரிடம் "யூட்ரஸ், ஓவரி". கருப்பை, சினைப்பை, விரை என்று நான் சாதாரணக் குரலில் சொல்லும்போது முதல் இரண்டு நாள் வகுப்பில் சிரிப்பு இருக்கும். மூன்றாம் நாள் போய்விடும்.

தலையையும் அடிவயிற்றையும் தனித்தனியாகப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு ஊரின் அமைப்பும் ஒத்துழைக்கிறது. தலைக்கு என்றால் ஓசூர் ரோடு. பிரசவத்துக்கு என்றால் மார்க்கெட் பக்கம் வாணி விலாஸ் ஆஸ்பத்திரி. நடுவில் ஆட்டோவில் அரைமணி நேரம், அதுவும் டிராஃபிக் இல்லாவிட்டால். உடம்புக்குள் அந்தத் தூரம் இல்லை.

பிட்யூட்டரிக் காம்பின் மேல்முனையில் ஹைபோதலாமஸ் இருக்கிறது. பாதாம் பருப்பு அளவுள்ள இந்தப் பகுதிதான் பசி, தாகம், தூக்கம், உடல் சூடு எல்லாவற்றையும் கவனிக்கிறது. அதற்குள் சிதறிக் கிடக்கும் சில ஆயிரம் நரம்பணுக்கள் மட்டும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. மூளையில் மொத்தம் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாகக் கணக்கு. அதில் இந்தச் சில ஆயிரம் வேலை செய்யாவிட்டால் பெண் பூப்படைய மாட்டாள், பையனுக்கு மீசை முளைக்காது, குரல் உடையாது.

இந்த அணுக்கள் பிறப்பது மூளையில்கூட இல்லை. கருவில் மூக்கு உருவாகும் இடத்தில் பிறந்து, மோப்ப நரம்பைப் பிடித்துக்கொண்டு ஏறி மூளைக்குள் குடியேறுகின்றன. சிலருக்கு இந்தப் பயணம் பாதியில் நின்றுவிடும். அப்படிப் பிறந்தவர்களுக்கு இரண்டு குறைகள் சேர்ந்து வரும்: வாசனை தெரியாது, பருவமும் வராது. 1944-இல் இதை விவரித்த ஃபிரான்ஸ் கால்மன் பெயரால் இதைக் கால்மன் குறைபாடு என்கிறார்கள். பதினாறு வயதாகியும் பருவமடையாத பிள்ளையிடம் டாக்டர் "காபி வாசனை தெரியுதா?" என்று கேட்டால் அதற்குக் காரணம் இதுதான்.

ஜிஎன்ஆர்எச் காம்பிலுள்ள குட்டி ரத்தக்குழாய்கள் வழியே பிட்யூட்டரிக்கு இறங்குகிறது. சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடுவதால் கையில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் அகப்படாது. ரோஜர் கியூமினும் ஆண்ட்ரூ ஷாலியும் இத்தகைய மூளை ஹார்மோன்களைத் துளியளவு பிரித்தெடுக்க ஆட்டு மூளைகளையும் பன்றி மூளைகளையும் லட்சக்கணக்கில் அரைத்தார்கள். 1977-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

பிட்யூட்டரி தன் பங்குக்கு எஃப்எஸ்எச், எல்எச் என்ற இரண்டு ஹார்மோன்களைப் பொது ரத்தத்தில் விடுகிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே இரண்டுதான். சினைப்பையை அடைந்தால் கருமுட்டை முதிர்கிறது, ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. விரையை அடைந்தால் விந்தணு உருவாகிறது, டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. இவை திரும்பத் தலைக்கு ஏறி "போதும்" என்று சொல்ல, தலை சுரப்பைக் குறைக்கிறது.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது அளவு அல்ல, தாளம். ஜிஎன்ஆர்எச் குழாய்த் தண்ணீர்போல ஓடிக்கொண்டிருப்பதில்லை. ஏறக்குறைய ஒரு மணி அல்லது ஒன்றரை மணிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு. 1970-களில் எர்ன்ஸ்ட் நோபில் குழுவினர் குரங்குகளில் சோதித்தார்கள். மணிக்கு ஒருமுறை செலுத்தினால் பிட்யூட்டரி ஒழுங்காக வேலை செய்தது. அதையே விடாமல் செலுத்தினால் கொஞ்ச நாளில் அடங்கிப்போனது. கதவை விடாமல் தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே இருப்பவர் காதைப் பொத்திக்கொள்வதைப் போல. இந்த விசித்திரத்தை வைத்தே இன்று மருந்து செய்கிறார்கள். ஏழு வயதிலேயே பருவம் எட்டிப்பார்க்கும் குழந்தைக்கு அதைத் தள்ளிப்போடவும், புராஸ்டேட் புற்றுநோயில் டெஸ்டோஸ்டிரோனை அடக்கவும், இதே ஹார்மோனின் நீடித்து வேலை செய்யும் வடிவத்தை ஊசியாகப் போடுகிறார்கள்.

பெண் வயதுக்கு வந்ததும் அல்சூரில் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு வைக்கிறோம். மூளையில் அந்த விழா எப்போதோ தொடங்கிவிட்டிருக்கும். முதலில் ராத்தூக்கத்தில் மட்டும் அந்தத் துடிப்புகள் வலுக்கின்றன. பிறகு மார்பு அரும்புகிறது. அதற்கும் சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்தே முதல் மாதவிலக்கு வருகிறது. இந்தத் துடிப்பைத் தட்டி எழுப்பும் புரதம் ஒன்று உண்டு, பெயர் கிஸ்பெப்டின். அதன் ஜீன் 1996-இல் அமெரிக்காவின் ஹெர்ஷி ஊரில், புற்றுநோய் ஆய்வில் கிடைத்தது. அந்த ஊரின் புகழ்பெற்ற கிஸ்ஸஸ் சாக்லேட்டை நினைத்து வைத்த பெயர். பருவமடைதலில் அதன் பங்கு 2003-இல்தான் தெரியவந்தது. பெயரும் வேலையும் இவ்வளவு பொருந்தியது தற்செயல்தான்.

சரி, கீழே வருவோம். கருப்பை தலைகீழாகப் பிடித்த பேரிக்காய். ஏழரை சென்டிமீட்டர் நீளம், ஐந்து அகலம். அறுபது கிராம் அளவில் இருக்கும் அது நிறைமாதத்தில் ஒரு கிலோ வரை வளர்ந்து, பேறுகாலம் முடிந்து ஆறு வாரத்தில் பழையபடி சுருங்கிவிடும். மேல்மூலைகளில் இருந்து இருபுறமும் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டரில் கருக்குழாய்கள். படங்களில் குழாயின் முனை சினைப்பையோடு ஒட்டியிருப்பது போலத் தோன்றும். உண்மையில் அங்கே முட்டை நுழைய இணைப்புக் குழாய் கிடையாது. குழாயின் நுனி முந்தானைக் குஞ்சம்போல விரிந்து, சினைப்பையின் மேல் தடவி, வெடித்து வெளிவரும் முட்டையை வாரிக்கொள்கிறது. ஒரு பக்கச் சினைப்பையும் மறுபக்கக் குழாயும் மட்டுமே உள்ள பெண்கள் கருத்தரித்திருப்பது இதனால்தான்.

முட்டைகளின் கணக்கைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது வகுப்பே அமைதியாகிவிடும். கருவிலிருக்கும் பெண் சிசுவுக்கு ஐந்தாம் மாதத்தில் அறுபது, எழுபது லட்சம். பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளிவருபவை நானூறு, ஐந்நூறு மட்டும். அப்படியென்றால் உங்களை உண்டாக்கிய முட்டை, உங்கள் அம்மா உங்கள் பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே உருவாகிவிட்டது. எனக்கான முட்டை உருவானபோது என் பாட்டி கோலார் தங்கவயல் லைன் வீட்டில் குழாயடியில் குடத்தோடு நின்றிருப்பாள்.

மாதச் சுழற்சியின் நடுவில் ஒரு திருப்பம் வருகிறது. வழக்கமாக "போதும்" என்று தலையிடம் சொல்லும் ஈஸ்ட்ரோஜன், உச்சத்தில் சுமார் இரண்டு நாள் நிலைத்தால் "இன்னும், இன்னும்" என்று பேச்சை மாற்றிக்கொள்கிறது. உடனே பிட்யூட்டரி எல்எச்சைக் கொட்டுகிறது, ஏறக்குறைய ஒன்றரை நாளில் முட்டை வெடித்து வெளிவருகிறது. ஆணின் உடலில் இந்தத் திருப்பம் நடப்பதில்லை.

இவ்வளவையும் சொன்னது பிசிஓடி பற்றிப் பேசத்தான். பெங்களூருவில் இந்த எழுத்துகளைக் கேட்காத இளம்பெண்கள் குறைவு. நம் வீடுகளில் இதைக் "கர்ப்பப்பையில நீர்க்கட்டி" என்கிறார்கள். இந்த இரண்டு சொல்லும் தவறு. அது இருப்பது கருப்பையில் இல்லை, சினைப்பையில். கட்டியும் இல்லை. முதிரத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள் அவை, ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர், ஸ்கேனில் முத்துமாலை கோத்தாற்போலத் தெரியும். என் அக்கா மகளுக்கு ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று, "ஆபரேஷன் பண்ணி கட்டியை எடுத்துடலாமா சித்தி?" என்றுதான் கேட்டாள். எடுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

ஏன் நின்றுபோகின்றன? மறுபடி அந்தத் தாளம்தான். பிசிஓடி உள்ள பலருக்கு ஜிஎன்ஆர்எச் துடிப்பு வேகமாக இருக்கிறது. வேகமான துடிப்பு எல்எச்சை அதிகமாக்கும், நிதானமான துடிப்பு எஃப்எஸ்எச்சுக்குச் சாதகம். எல்எச் மிகுந்தால் சினைப்பை ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கிறது, முகவாயில் முடி வருகிறது. எஃப்எஸ்எச் போதாமல் முட்டை முழுதாக முதிர்வதில்லை. உடலில் இன்சுலின் மிகுந்திருந்தால் அது இதற்கு எண்ணெய் ஊற்றுகிறது. அதனால்தான் எடை குறைந்தவுடன் பலருக்குச் சுழற்சி சீராகிறது. ஆனால் எல்லாவற்றையும் "ஒழுங்கா சாப்பிடு, நட" என்று பெண்ணின் தலையில் கட்டும் டாக்டர்கள் மேல் எனக்கு எரிச்சல் உண்டு. ஒல்லியானவர்களுக்கும் இது வருகிறது.

மாதவிலக்கு தள்ளிப்போகிறது என்று போனால் தைராய்டு, புரோலாக்டின் என்று ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். "இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம், பில்லை ஏத்துறாங்க" என்று பலர் புலம்பிக் கேட்டிருக்கிறேன். சம்பந்தம் இருக்கிறது. தைராய்டை இயக்குவதும் அதே பட்டாணிதான். புரோலாக்டினும் அங்கிருந்தே வருகிறது. தாய்ப்பாலுக்கான ஹார்மோன் அது, மிகுந்தால் மேலே ஜிஎன்ஆர்எச் துடிப்பை அடக்கிவிடும். பால் கொடுக்கும் மாதங்களில் பலருக்கு மாதவிலக்கு வராமலிருப்பது இப்படித்தான். குழந்தையே இல்லாமல் அது ஏறியிருந்தால் பிட்யூட்டரியில் சிறு கட்டி இருக்கலாம். கட்டி பெரிதானால் மேலே குறுக்காக ஓடும் பார்வை நரம்பை அழுத்தி, இருபக்க ஓரப் பார்வையும் மங்கும். பீரியட்ஸ் நின்றுபோனதென்று மகப்பேறு மருத்துவரிடம் வந்த பெண் தலைக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போவது இதனால்தான். பெரும்பாலும் இதற்கு அறுவை தேவைப்படுவதில்லை, மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.

மனநோய்க்கான மருந்துகளில் சிலவும் புரோலாக்டினை ஏற்றுகின்றன. மாதவிலக்கு நின்றதைப் பெண்கள் மனநல மருத்துவரிடம் சொல்ல மாட்டார்கள், "அது வேற டிபார்ட்மென்ட்" என்று நினைத்து. மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல் அவரிடமே சொன்னால் மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ வழி இருக்கும்.

பட்டினி, கடும் மன அழுத்தம், மிதமிஞ்சிய உடற்பயிற்சி, இவற்றிலும் மூளை அந்தத் துடிப்பைத் தணித்துவிடும். சினைப்பையில் பழுதே இருக்காது. பரீட்சை மாதத்தில் எங்கள் வகுப்பில் இரண்டு மூன்று பேருக்காவது தள்ளிப்போகும்.

ஆண்கள் பக்கம் போவோம். விரைகள் உடலுக்கு வெளியே தொங்குவது அலட்சியத்தால் அல்ல. விந்தணு உருவாக, உடல் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவாக இருக்க வேண்டும். ஒரு விந்தணு உருவாகி, ஆறு மீட்டர் நீளச் சுருள் குழாயைக் கடந்து வெளிவரக் கிட்டத்தட்ட மூன்று மாதம். மார்ச்சில் அடித்த காய்ச்சல் ஜூன் மாதப் பரிசோதனையில் தெரியலாம்.

"விந்து விட்டான் நொந்து கெட்டான்" என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதை வைத்துப் பிழைக்க ஒரு கூட்டமே இருந்தது. தமிழ் வார இதழ்களின் கடைசிப் பக்கங்களில் ஊர் ஊராக முகாம் தேதி போட்டு விளம்பரம் வரும், மெஜஸ்டிக் பக்கத்து லாட்ஜ் அறை எண் உட்பட. நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து என்பார்கள். விந்து ரத்தத்திலிருந்து காய்ச்சி எடுப்பதல்ல. ஒருமுறை வெளிவரும் ஓரிரு டீஸ்பூனுக்கும் குறைவான திரவத்தில் பெரும்பங்கு விந்துப் பைகளும் புராஸ்டேட்டும் சுரப்பது, விந்தணு நூற்றுக்குச் சில பங்கு மட்டும். சேர்த்து வைத்தாலும் பழையது சிதைந்து போகும். இந்தப் பயத்தில் உடம்பே உருகிப்போவதாக நம்பித் தளர்ந்து வரும் ஆண்களின் நிலைக்கு, மனநல மருத்துவர் என். என். விக் 1960-இல் தாத் சிண்ட்ரோம் என்று பெயரிட்டார். தாது என்ற நம் சொல்தான் அது. கோளாறு விரையில் இல்லை, பயத்தில்.

இதே குழப்பம்தான் ஆண்களைக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையிலிருந்து விரட்டுகிறது. வெட்டுவது விந்தணு போகும் மெல்லிய குழாயை. டெஸ்டோஸ்டிரோன் அந்தக் குழாயில் போவதே இல்லை, ரத்தத்தில் போகிறது. ஆண்மை, பலம், தாடி, எதுவும் குறையாது. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் தாங்களே அந்த அறுவை செய்துகொண்டிருக்கிறார்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். பெண்ணின் வயிற்றைத் திறந்து குழாயைக் கட்டுவதைவிட ஆணுக்குச் செய்வது எளிது, ஆபத்தும் குறைவு.

பெண் குழந்தை பிறந்தால் மருமகளைக் குறை சொல்லும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. முட்டை தருவது எப்போதும் எக்ஸ் குரோமோசோம்தான், ஒய் குரோமோசோம் தந்தையின் விந்தணுவில் வருவது. கருவில் ஆறாம் வாரம் வரை இரு பாலருக்கும் ஒரே அமைப்பு. ஒய்யில் உள்ள எஸ்ஆர்ஒய் என்ற ஜீன் முடுக்கினால் அது விரையாகும், இல்லையென்றால் சினைப்பையாகும். அந்த ஜீனை 1990-இல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். ஆண்குறியாக நீளும் அதே மொட்டுதான் பெண்ணுக்குக் கிளிட்டோரிஸ் ஆகிறது. வெளியே தெரிவது பட்டாணி அளவு, உள்ளே இருபுறமும் கிளைத்துப் பத்து சென்டிமீட்டர் வரை போகிறது. ஹெலன் ஓகானல் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் 1998-இல் எழுதிய பிறகுதான் பாடநூல்கள் அதைச் சரியாக வரையத் தொடங்கின. மனிதன் நிலவில் இறங்கி 29 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிள்ளை பெற்றவர்களுக்குத் தலை, மார்பு, கருப்பை மூன்றும் ஒரே கம்பியில் இருப்பது சொல்லாமலே தெரியும். குழந்தை வாய் வைத்ததும் செய்தி ஹைபோதலாமஸுக்குப் போய், அங்கே உருவான ஆக்ஸிடோசின் பிட்யூட்டரியின் பின்பாதி வழியே ரத்தத்தில் இறங்கி, மார்பில் பாலைத் தள்ளுகிறது. அதே நொடியில் கருப்பையையும் இறுக்குகிறது. பால் கொடுக்கும்போது அடிவயிறு சுண்டி இழுப்பது அதனால்தான். பக்கத்து அறையில் குழந்தை அழுதாலே சேலை நனைந்துவிடும், காதில் விழுந்ததே போதும்.

போன வருடம் இந்த இரண்டு பாடத்தையும் ஒரே படமாக வரைந்தேன். என் வெள்ளைப் பலகை போதவில்லை. ஹைபோதலாமஸ் மேலே, பிட்யூட்டரி கீழே, பிறகு நீளமாக ஒரு சிவப்புக் கோடு, கருப்பைக்குச் சுவரில் சார்ட் ஒட்ட வேண்டியிருந்தது. பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் இரண்டு பக்கம் சேர்த்து வரைந்தார்கள்.

மறுநாள் ஒரு பையனின் அம்மா போன் செய்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். "மிஸ், அவன் நோட்டுல பார்த்தேன்," என்று தயங்கினார். "எனக்குக் கர்ப்பப்பை எடுத்து நாலு வருஷமாச்சு. இனிமே எல்லாம் வறண்டுடும், ஹார்மோனே கிடையாதுன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. நீங்க ஹார்மோன் ஓவரியிலேருந்து வருதுன்னு போட்டிருக்கீங்களே?"

கருப்பை பிள்ளையைத் தாங்கும் பை, ஹார்மோனுக்கு அதை நம்பி உடம்பு இல்லை, சினைப்பையை விட்டுவைத்திருந்தால் அது தன் வயது வரை சுரந்துகொண்டிருக்கும் என்றேன். "எனக்கு விட்டாங்களா, எடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. மடித்து மடித்து நைந்துபோன காகிதம், பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்ததாம். மூன்றாவது வரியில் இருந்தது: கருப்பை மட்டும் நீக்கம், இரண்டு சினைப்பைகளும் இயல்பு, அப்படியே விடப்பட்டன.